கடிகாரத்தில் வைத்த சந்தனம்

இந்தக் குன்னூரில் காலையில் குளித்து விபூதியைக் குழைத்துப் பூசினால், கடை திறக்கிற வரைக்கும் அது வெளுக்காது. நம்ம தாராபுரத்தில் சாமி படத்தின் பக்கம் திரும்புவதற்குள் மூன்று பட்டையும் பளிச்சென்று தெரியும். மளிகைக் கடை போட்ட புதிதில் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, சாமி மேல் ஏதாவது கோபமா, நெற்றி வெறுமையாக இருக்கிறதே என்று கேட்டார். பூசியிருக்கிறேன், காயவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் ஒரு பொட்டலம் பழனி விபூதி கொண்டுவந்து கொடுத்தார்.

கீழே நம்ம பக்கத்தில் பட்டம் கொடுக்க யாரும் காத்திருப்பதில்லை. மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலில் பெட்டியை இறக்கிய அன்றைக்கே பையன் டாக்டர். கையில் டேப் இருந்தால் இஞ்சினியர். அப்படியே வளர்ந்தவன் நான். என் மகள் நந்தினி கோவையில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். பயிற்சிக்கு இங்கேயே ஓர் ஆபீஸில் இடம் கிடைத்து, வீட்டிலிருந்தே போய் வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் முருகன் கோயிலுக்குப் பெரிய சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடியில் சிவப்பு எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக: உபயம், ஆர்க்கிடெக்ட், நந்தினி, தாராபுரம். மணி தெரியக் கொஞ்சம் கிட்டே போகவேண்டும்; எழுத்து வாசலிலிருந்தே தெரியும்.

சாயங்காலப் பூஜைக்கு வந்த நந்தினி அதைப் பார்த்தவள், தீபாராதனையைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பாடம் நடந்தது. பயிற்சி முடியவேண்டும், பட்டம் வாங்கவேண்டும், ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். அதுவரை அந்தப் பேரைப் போட்டுக்கொள்வது சட்டப்படி தப்பு. பயிற்சி முடித்தாள் என்று கையெழுத்துப் போடவேண்டிய அவளுடைய ஆபீஸ் சார் இதிலெல்லாம் ரொம்பக் கறாராம். முருகனுக்குத் தெரியாததா அம்மிணி என்றேன்.

"முருகன் சரிங்கப்பா. நாளைக்குக் காலையில மண்டபத்துல ஒழுகறதைப் பாக்க எங்க சாரு வர்றாருங்க."

சாமிக்குக் கொடுத்ததைக் கழற்ற மனசு வரவில்லை. கீழே சந்தனத்தை எங்கே அப்பினாலும் கல் மாதிரி இறுகிவிடும். அந்தத் தைரியத்தில் விடிந்ததும் போய், அந்த ஒரு வார்த்தையின் மேல் மட்டும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். பக்திக்குப் பக்தி, மறைப்புக்கு மறைப்பு.

சாரும் நந்தினியும் டேப்பின் இரண்டு முனையைப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது மேகம் மண்டபத்துக்குள் வந்தது. இங்கே மேகம் கேட்டுக்கொண்டு வராது. சந்தனம் குங்குமப் பொட்டோடு தேர் மாதிரி மெதுவாக நகர்ந்து, என் மகள் பேரின் மேல் போய் நிலைகொண்டது. மேலே 'ஆர்க்கிடெக்ட்' கழுவித் துடைத்த மாதிரி தெரிந்தது.

"தாராபுரத்து ஆர்க்கிடெக்ட் யாருங்க? எனக்குத் தெரியாதே?" என்று சார் என்னைத்தான் கேட்டார்.

பெரியப்பா மகன் ஒருத்தர் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எதிரே வேலோடு நிற்கிறான், அதனால் நின்றது. அதற்குள் நந்தினி டேப்பைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க சார். அப்பா ஆசையில எழுதிட்டாருங்க. நான் இன்னும் ஆகலைங்க."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். அங்கேயும் ஈரம்.

"கவுன்சிலுக்கு முன்னாடியே உங்கப்பா பதிவு பண்ணிட்டாரு. இது செல்லாது. அந்த ஒரு வரியைச் சுரண்டிருங்க" என்றார். டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "அந்த இடத்துல வேற எதையும் எழுதிராதீங்க. வேண்டியிருக்கும்" என்றார்.

சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். மிச்சப் படிப்புக்கு நந்தினி கோவைக்கு இறங்கிவிட்டாள். ஊர்ச் சொந்தம் ஃபோனில் ஆர்க்கிடெக்ட் சௌக்கியமா என்று கேட்கும்போது, இன்னும் ஆகலைங்க என்று நானே திருத்துகிறேன். மலைக்குப் போய் மாறிட்டான் என்கிறார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கோ நான் இன்னும் கீழேயிருந்து வந்தவன்தான். கோயிலில் வெறுமையாகக் கிடக்கிற அந்த வரியில் தினமும் ஒரு பொட்டுச் சந்தனம் வைக்கிறேன். காய்வதில்லை. பொழுது சாய்வதற்குள் நந்தினியைத் தொட்டு, அதற்கும் கீழே இறங்கி, தாராபுரத்தில் போய் நிற்கிறது.