எழில்மொழியின் குடவரிசை

வல்லரசுவை எங்கள் வியாசர்பாடித் தெருவில் வாயால் ஜெயித்தவர் யாரும் இல்லை. தண்டையார்பேட்டை குடோனில் ராத்திரி மூட்டை தூக்கிவிட்டு வருவான். பெண்டாட்டி மலர்க்கொடி காலையில் வேலைக்குக் கிளம்பியதும், மூன்று வயதுகூட நிரம்பாத மகள் எழில்மொழி அவன் பொறுப்பு.

அவளுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. தண்ணி லாரிக்காக நாங்கள் வரிசையில் வைக்கும் பிளாஸ்டிக் குடங்கள்தான் அவளுக்கு உயிர். நீலமெல்லாம் முதலில், அப்புறம் பச்சை, கடைசியில் சிவப்பு. ஒன்று நகர்ந்தாலும் தலையைத் தரையில் மோதிக்கொண்டு அலறுவாள். எங்களுக்கோ முன்னால் வைத்த குடம் பின்னால் போனால் குடுமிப்பிடிச் சண்டை. வல்லரசு என்ன செய்தான் தெரியுமா? தெருக் குடங்களையெல்லாம் மகள் இஷ்டப்படி தானே அடுக்கிவிட்டு, "எவனாவது தொடு பாக்கலாம்" என்று காவல் நின்றான்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் செல்வநாதன் ஒருநாள் கத்தினார்: "இன்னொரு தபா இந்தப் பேஜாரு வாணாம். கொயந்தய வூட்லயே பூட்டி வெச்சிக்கோ."

"பூட்டி வெக்க எம்பொண்ணு இன்னா சைக்கிளா?"

வாய் அப்படிப் பேசினாலும் உள்ளே பயந்துபோனான். பேச்சுப் பயிற்சி தரும் ஷாலு டீச்சரிடம் போனான். அவர் அவனைத்தான் ஒரு பிடி பிடித்தார்: "நீங்களே எல்லாத்தையும் அடுக்கிக் கொடுத்தா, கலையும்போது அவ என்ன செய்வா? கூட உட்கார்ந்து விளையாடுங்க. ஒண்ணே ஒண்ணை மாத்துங்க. அழுதா பக்கத்துலயே இருங்க."

மறுநாள் எங்கள் வரிசை எங்களுக்கே கிடைத்தது. அவன் வீட்டுப் பழைய குடங்களோடு தெரு ஓரத்தில் மகளுடன் உட்கார்ந்தான். ஆம்பளை சொப்பு வைத்து விளையாடுகிறான் என்று சிரித்தோம். "ஆமா, வெளயாடறேன். நீயும் வா" என்றான். நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்பை வைத்தான். அலறிச் சாய்ந்த அவள் தலைக்கும் தரைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தான்.

"வூட்டுக்குத் தூக்கினு போயா!" என்றார் செல்வநாதன்.

"போவ மாட்டேன். இது அவ தெருவுந்தான்."

தினமும் இதே கூத்து. கை வீங்கியது, ஆள் எழவில்லை. ஒருநாள் அவள் அந்தச் சிவப்பையே முறைத்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பிறகு அதை ஒட்டி அடுத்த நீலத்தை வைத்தாள். வல்லரசு நடுத்தெருவில் அழுதான். எனக்கும் அடக்க முடியவில்லை.

இன்றும் அடுக்குகிறாள். அடுக்கட்டுமே, யார் குடி முழுகிப்போகிறது? போன வாரம் லாரி வந்ததும் ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கினோம், வரிசை சிதறியது. எழில்மொழி சிணுங்கினாள். ஆனால் மோதிக்கொள்ளவில்லை. தன் சின்னக் குடத்தைத் தூக்கிவந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

லாரிக் குழாயைப் பிடித்திருந்த செல்வநாதன், "கொயந்தய ஓரமா நிக்கச் சொல்லு" என்றார்.

"இன்னாத்துக்கு ஓரமா? லைன்ல கீறா. அக்காவுக்கு அப்பால அவதான். புடி தண்ணி" என்றான் வல்லரசு.

என் குடம் நிறைந்தது. நான் நகர்ந்துகொண்டேன். செல்வநாதன் குனிந்து குழாயை அவள் குடத்தில் வைத்தார்.