அக்காவும் சூடத் தட்டும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அழகாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். தமிழ்ப்பள்ளியோடு அக்காவின் படிப்பு நின்றது. பெற்றோர் மறைந்தபின், எழுபதுகளின் நடுவில், என்னை அழைத்துக்கொண்டு ஈப்போ பட்டணத்துக்கு வந்து துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "தங்கச்சி படிச்சி முடிக்கட்டும்" என்று தள்ளிவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், வீட்டில் அடிபடும் பெண்களுக்காகச் சிலர் ஒரு கடைவீட்டு மாடியில் மையம் தொடங்கினார்கள். அங்கே தமிழ் பேச ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு அக்கா போனார். பயிற்சி கொடுத்து ஆலோசகராக்கினார்கள். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான். "அடுத்தவன் குடும்பத்துல இவளுக்கு என்னா வேலை?" என்று பேசியவர்களில் பலர் இப்போது இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

லெட்சுமியைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேரோட போடு தங்கச்சி" என்றார். நாங்கள் பிறந்த அதே தோட்டத்துக்காரர். கணவன் அடித்துக் கண் வீங்கி, பஸ் பிடித்து அக்காவிடம் வந்தார். சில நாளிலேயே தோட்டத்துக் கோயில் கமிட்டி லெட்சுமியைக் கூப்பிட்டு அனுப்பியது. எங்கள் பெரியப்பாதான் தலைவர். வழக்கம் உங்களுக்குத் தெரியும். புருஷன் எரியும் சூடத்தைக் கையால் அணைத்து, இனி அடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்வான். பெண்டாட்டி தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடித்துவிட்டால் அவளும் அந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள். மறுபடி அவன் அடித்தால், "பாவம், குடிச்சிட்டான்." அவள் வெளியேறினால் மட்டும் சாமி வாக்கை மீறியவள்.

லெட்சுமி தட்டைப் பிடித்தார். தீபாவளிக்கு முன்பே கை எலும்பு முறிந்து திரும்பி வந்தார்.

"போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அக்காவிடம் சண்டை போட்டேன்.

"புருஷன் ஒன்னு சொல்றான், கமிட்டி ஒன்னு சொல்லுது. நானும் ஒன்னு சொன்னா, அவ மனசு சொல்றத அவ எப்பதான் கேப்பா? அவளா சொல்லட்டும்லா," என்றார்.

அந்தப் பொறுமை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. இன்றும் முழுதாகப் புரியவில்லை.

கமிட்டி மறுபடி கூப்பிட்டது. இந்த முறை நாங்கள் இருவரும் கூடப் போனோம். "பெரியப்பா, சத்தியம் பண்றவரே தட்டையும் புடிக்கட்டும். இந்தப் புள்ள கையில குடுக்காதீங்க," என்று அக்கா கேட்டார்.

"ஈப்போ போயி ரொம்ப பேசக் கத்துக்கிட்ட. பொம்பள புடிக்கிறதுதான் வழக்கம்."

கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, பெரியப்பா தட்டை லெட்சுமியின் இன்னொரு கையில் வைத்தார். சூடம் எரிந்தது. லெட்சுமி அக்காவைப் பார்த்தார். அக்கா வாயே திறக்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். லெட்சுமி குனிந்து தட்டைத் தரையில் வைத்தார்.

"என்னால முடியாது தலைவரே. நான் போறேன்."

அன்றே ஈப்போவுக்கு வந்தவர், தையல் வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தார். அக்காவுக்குக் கிடைத்தது குடிகெடுத்தவள் என்ற பட்டம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் எங்களுக்கு வருவது நின்றது. தட்டு வழக்கம் மட்டும் நிற்கவில்லை. அதை விட்டுவிடச் சொல்லி அக்கா போய்ப் போய்க் கேட்டார். புற்றுநோயில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த பெரியப்பாவிடமும் அதைத்தான் கேட்டார். "அதெல்லாம் இப்ப எதுக்கு? ரெஸ்ட் எடு," என்று ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப் போன பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய முனைக் கடை பாய்க்கும், மையத்துத் தோழியருக்கும் எங்கள் நன்றி. கோயில் கமிட்டி அனுப்பிய பெரிய மாலைக்கும் நன்றி. அக்கா உங்களிடம் கேட்டது மாலை இல்லை.

திதியன்று அக்காவின் படத்துக்குச் சூடம் காட்டும்போது தலைவர் தட்டைப் பிடிப்பதுதான் முறை என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். வேண்டாம் பெரியப்பா. தான் பிடிக்கலாமா என்று லெட்சுமி அவராகவே கேட்டிருக்கிறார்.