ஜெட் விமானத்துக்கு மரம் தேடி: கொல்லங்கோட்டிலிருந்து போடிமெட்டு வரை

மாநிலங்களைப் பிரித்த பின் வந்த இரண்டாவது மார்கழியில் பத்து நாள் தனியாகப் பயணம் செய்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. மரம் தேடி. பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையின் வரைபடக் கூடத்தில் எனக்கு வேலை. நம் நாட்டிலேயே ஒரு ஜெட் போர்விமானத்தை வரைந்துகொண்டிருக்கிறோம். ஜெட்டுக்கு எதற்கு மரம் என்று வழியெல்லாம் கேட்டார்கள். எனவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஒன்றை இங்கே யாரும் செய்ததில்லை. சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ஆள் இல்லை. எஞ்சின் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எது வரும், எப்போது வரும், தெரியாது. வரைந்த வடிவம் காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கவும் போதிய வசதி இல்லை. ஆகவே அதே வடிவம், அதே அளவு, எஞ்சின் இல்லாமல் மரத்தில் ஒன்று. இன்னொரு விமானம் அதைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துப் போய் விட்டுவிடும். பிறகு அது சறுக்கி இறங்க வேண்டும்.

அதன் இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டைக்கு வெளிநாட்டு மரம் தருவிக்கலாம் என்றார்கள். வர ஏழெட்டு மாதம் ஆகும். மேற்கு மலையில் வெள்ளகில் மரம் இருக்கிறது, அதுவே போதும் என்று நான் குறிப்பு எழுதினேன். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. ஆதரிக்கவும் இல்லை. பத்து நாளில் கொண்டு வா என்றார்கள். இல்லையென்றால் ஆர்டர் வெளிநாட்டுக்குப் போகும். என் குறிப்பு கோப்பில் கிடக்கும்.

இரண்டாம் நாள் காலை பாலக்காட்டில் இறங்கினேன். அங்கிருந்து கொல்லங்கோடு பன்னிரண்டு மைல். சிறிய ரயிலில் முக்கால் மணி. தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர் போல நிற்கிறது. ஸ்டேஷனுக்கு வெளியே இடதுகைப் பக்கம் நடந்தால் மரக்கடை. கடைக்காரர் ஒரு ராவுத்தர், ஐம்பது வயதிருக்கும். என் கடிதம் அவருக்கு முன்பே வந்திருந்தது.

"ஏனுங்க, ஜெட்டுன்னா இரும்புன்னுல்ல நெனச்சேன். நீங்க கட்டிலுக்குக் கேக்கற மரத்தைக் கேக்கறீங்க."

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கட்டில்தானுங்க. கொஞ்சம் உசரத்துல போடற கட்டில்."

ஐந்து மரங்களைக் காட்டினார். ஒரு முனையில் என் காதை வைக்கச் சொல்லி, மறுமுனைக்குப் போய் நகத்தால் சுரண்டினார். உள்ளே உளுத்த மரம் ஊமை. நல்ல மரம் பேசும். முப்பதடிக்கு அப்பால் ஒரு விரல் நகம் என் காதுக்குள் கேட்டது. இரண்டு நாளில் என்னிடம் அவ்வளவு நெருக்கமாக யாரும் பேசியிருக்கவில்லை.

ஐந்தும் பேசின. ஆனால் ஐந்திலும் ரேகை முறுக்கியிருந்தது. முறுக்கிய ரேகை பாரம் தாங்காது. வேண்டாம் என்றேன்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இத்தனை குத்தம் சொன்னதில்லீங்க," என்றார் ராவுத்தர். பிறகு போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். வரவழைத்துத் தந்த டீக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரை. ஒரு பகல் முழுவதும் ரயில். அடுத்த காலை போடிக்கு வண்டி, நாலரை மணி நேரம். போடியிலிருந்து மெட்டுக்குப் பதினாறு மைல். பஸ் இரண்டு மணி நேரம் ஏறுகிறது. கட்டணம் ஒரு ரூபாய் இருபது நயா பைசா. கண்டக்டர் அணாவில் கணக்குச் சொல்லுவார், குழம்ப வேண்டாம். இடதுபக்க ஜன்னலில் உட்கார்ந்தால் பள்ளம் தெரியும். பாதி மலைக்கு மேல் மஞ்சு. பிறகு எதுவும் தெரியாது.

மெட்டில் தங்கிய அறையில் ஒரு கட்டில், ஒரு ஆணி. மூன்று நாள் என் பெயரை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தோட்டத்தில் மரம் அறுப்பவர் முத்தையா. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். மேலே நின்று வாள் இழுப்பவர் அவர்; குழிக்குள் நின்று இழுப்பவர் அவருடைய மச்சினர் மாடசாமி. போன வருஷக் கோடையில் அறுத்த வெள்ளகில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. எட்டடித் துண்டுகள், நான்கு. அதற்குமேல் நீளமானால் கொண்டைஊசி வளைவுகளில் லாரி திரும்பாது.

நோட்டில் கணக்குப் போட்டேன். சரிவாகச் சீவிப் பசை போட்டு இணைத்தால் ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டடி போகும். நான்கு துண்டு, மூன்று இணைப்பு. முப்பத்திரண்டில் ஆறு போக இருபத்தாறு. முதுகுக்கட்டைக்கு வேண்டியதும் இருபத்தாறு.

ரேகை நூல் பிடித்ததுபோல் நேர். ஈரம் அளக்கும் கருவி சரியென்றது. முத்தையா சுரண்ட, நான் காது வைத்தேன். நான்கும் பேசின. மரத்தில் ஏலக்காய் வாசனை.

"நம்ம வாள்ல கோணல் வராது சார்," என்றார் முத்தையா.

குழிக்குள்ளிருந்து மாடசாமி சொன்னார்: "தூளத் திங்கது நானு. பேரு மட்டும் அவருக்கு."

துண்டுகளில் என் முத்திரையை அடிக்க மை எடுத்தேன். அப்போது முத்தையா கேட்டார்.

"சார், இது சும்மா பறக்க விட்டுப் பாக்கதுக்குத்தான? உள்ள ஆளு இருக்காதுல்ல?"

"இருப்பார். ஒருத்தர்."

"எஞ்சின் கெடையாதுன்னீகளே."

"கிடையாது."

"மேல கொண்டுபோயி விட்டுருவீக. அவரு ஒத்தையில வரணும்."

"ஆமாம்."

முத்தையா பீடியைப் பற்றவைத்தார். பாதியில் அணைத்தார். மரத்தின் அடியிலிருந்து இரண்டாவதாக அறுத்த துண்டைக் காலால் புரட்டி ஒதுக்கினார்.

"இது வேண்டாம் சார்."

"ஏன்? நன்றாகத்தானே பேசியது?"

"பேசும். மரம் சாயும்போது இந்த இடம் பாறையில விழுந்திச்சு. நான் நெனச்ச பக்கம் சாயல."

குழிக்குள்ளிருந்து மாடசாமியின் குரல். "இந்த மலையில முத்தையா வெட்டுன மரம் தப்பா விழுந்ததில்லன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீரு. இன்னைக்காவது வாயத் தொறந்தீரே மாமா."

"வாய மூடுல," என்றார் முத்தையா. கோபமாக அல்ல.

அந்தத் துண்டை இழைப்புளியால் இழைத்து, தண்ணீர் தடவி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ரேகைக்குக் குறுக்கே தலைமுடி அளவில் ஒரு சுருக்கம். பக்கத்தில் இன்னொன்று. நார் உள்ளுக்குள் நசுங்கியிருந்தது. கட்டில் செய்தால் மூன்று தலைமுறை தாங்கும். இறக்கைக்குள் வைத்தால் ஒரு நாள், எந்தச் சத்தமும் கொடுக்காமல், ஒடியும்.

மூன்று துண்டு, இரண்டு இணைப்பு. இருபதடி. ஆறடி குறைவு. சுற்றுவட்டத் தோட்டங்களில் இரண்டு நாள் நடந்தேன். நிற்கும் மரங்கள் இருந்தன. வெட்டினால் காய ஒரு வருஷம்.

எட்டாம் நாள் போடியில் தந்தி கொடுத்தேன். மூன்று துண்டு கிடைத்தது, முதுகுக்கட்டைக்குப் போதாது, வெளிநாட்டு ஆர்டர் அனுப்பலாம். தபால் ஆபீஸ் குமாஸ்தா சொற்களை எண்ணிவிட்டு, "மரக்கடையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்று துண்டும் இறக்கையின் குறுக்குச் சட்டங்களாகப் போகின்றன. சின்னச் சின்னச் சட்டங்கள். வரைபடத்தில் அவற்றின் எண்கள் எனக்கு மனப்பாடம். கூட்டத்தில் என் குறிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ராவுத்தருக்கும் முத்தையாவுக்கும் கடிதம் எழுதினேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். மார்கழியில் மெட்டில் கம்பளி இரண்டு வேண்டும். மாலை நான்கு மணிக்குக் கடைசி பஸ் இறங்கிவிடும். தவறினால் ஏலக்காய் லாரிதான். மரம் கொண்டு வந்தால் வனத்துறை பாஸை மெட்டுச் சாவடியில் காட்ட வேண்டும், காலை ஒன்பதுக்கு முன் போனால் கூட்டமில்லை.

இன்னொன்று. மரம் நல்லதா என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் நல்லது என்பார்கள்; பொய்யும் இல்லை. நான் கருவியோடு போனேன், கண்ணாடியோடு போனேன், முத்திரையோடு போனேன். சொல்ல வேண்டியதை மட்டும் முத்தையா கேட்கும்வரை சொல்லவில்லை. அதில் யார் உட்காரப் போகிறார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.