யாரும் அடிக்காமல் ஒடிந்த கை

எங்கள் பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு திருத்தணிப் பக்கம். எல்லை பிரிவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று தையில் நாள் குறித்திருந்தார்கள்.

மார்கழியில் ஒருநாள் காலை, அம்மா மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கினாள். விழவில்லை, வழுக்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே கை தொங்கிவிட்டது.

நைனாவும் நானும் அவளைச் சித்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனோம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சேலை எடுப்பது பற்றிப் பேச வந்திருந்த என் வருங்கால மாமியாரும் கூடவே வந்தார். எக்ஸ்ரேயில் அதே கையில் பழைய முறிவு ஒன்றும் தெரிந்தது. டாக்டர் நைனாவை ஏறஇறங்கப் பார்த்தார். அவரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, யார் அடித்தது என்று தெலுங்கில் கேட்டார்.

அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வாளிதான் தூக்கினாங்க," என்றேன்.

"வாளி தூக்கினா எலும்பு ஒடியுமா?"

கதவுக்கு வெளியே நைனா தலைகுனிந்து நின்றார். அவர் எங்கள் யார்மேலும் கை வைத்ததில்லை. நான் அம்மாவிடம் குனிந்தேன். "சொல்லும்மா, நைனாவைத் தப்பா நினைக்கிறாங்க."

"சொன்னா உன் கல்யாணம் நின்னுடும்டி," என்று முணுமுணுத்தாள். மாமியாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு உரக்கவே சொன்னாள்:

"என்னை யாரும் அடிக்கலைங்க. எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கே இப்பிடித்தான். எங்கம்மா இடுப்பு ஒடிஞ்சி ரெண்டு வருஷம் படுத்துக்கினே இருந்து செத்தாங்க. எங்கக்காவுக்கு முதுகு கூனிப்போச்சி. இவளைப் பெக்க அம்மா வூட்டுக்குப் போனப்ப இந்தக் கை ஒடிஞ்சிது. கட்டு பிரிச்சப்புறம்தான் திரும்பி வந்தேன். இவருக்குத் தெரியாது."

சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும் என்றார் டாக்டர், இப்போது என்னைப் பார்த்து. மாமியார் எழுந்து போய்விட்டார்.

உள்ளே வந்த நைனா, "இருவது வருஷமா எங்கிட்ட சொல்லலியே," என்றார். அவ்வளவுதான்.

பதினோரு நாள் எந்தச் சேதியும் இல்லை. வீட்டில் யாரும் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மாமியார் தனியாக வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கனா ஒடிஞ்சிருக்குதா? பொய் சொல்லாத."

"இல்லைங்க."

அம்மாவிடம் திரும்பினார். "நீங்க மறைச்சி, பின்னால எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்க மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன். தையிலயே வெச்சிக்கலாம்."

அம்மா அழுதாள். எனக்குப் பயம்தான் வந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் என் இடுப்பு ஒடிந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, என் பெண்கள் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.