கூழைக்கடாக்கள் எழும்பிய காலை

கண்டியில் எங்களுக்குப் பாத்திரக் கடை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. அன்று விடிந்ததும் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பளை பஸ்ஸில் ஏறிவிடுவேன். மகாவலியில் தண்ணீர் குறைந்த மாதங்களில் மணல்திட்டுக்குக் கூழைக்கடாக்கள் வரும். பை போலத் தொங்கும் அலகை நீரில் அமிழ்த்தி அவை மீனை வளைத்துப் பிடிப்பதை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

போன வருடம் ஒரு ஞாயிறு. ஆறேழு பறவைகள் திட்டில் நின்றன. அவற்றுக்கு முன்னால் முழங்காலளவுத் தண்ணீரில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். அவர்தான் பெரிதாகத் தெரிந்தார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்று கத்தினேன்.

"எடுங்க சார், எடுங்க. நம்ம மூஞ்சி எதுக்கு?" சிரித்துக்கொண்டே சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் போனார்.

பிறகு நான் அவரை நினைக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பறவைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. வெகுநாள் காத்திருந்த படம் கிடைத்த சந்தோஷத்தில் வீடு திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு கரையில் ஒரு பெண் நின்றிருந்தார். கமராவைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"போன கிழம படம் எடுத்தது நீங்களா சார்? எங்க வீட்டுக்காரரு அன்னைக்குத்தான் இங்க முழுகிப் போனாரு. பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணிக்குள்ள ஆழமான கெடங்கு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கெடச்சாரு. அவரு படம் ஏதும் இருக்குங்களா? கலியாணப் படத்த விட்டா வீட்டுல ஒன்னுமில்ல."

"பார்த்துக் கொண்டாறேம்மா" என்றேன்.

வீட்டில் ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். அவர் இருந்தது முதல் படத்தில் மட்டும்தான். அதைப் பெரிதாக்கி, மறுவாரம் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோனேன். கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"நான்தாம்மா அவரத் தள்ளி நிக்கச் சொன்னேன்."

படத்தை வாங்கியவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சிரிச்சாரா சார்?" என்றார்.

"சிரிச்சாரும்மா."

"யாரு என்ன சொன்னாலும் சிரிச்சிக்கிட்டுத்தான் செய்வாரு."

தேத்தண்ணி தந்தார். குடித்தேன். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

அவரிடம் காட்டாத படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பறவைகள் எழும்புவதற்குச் சற்று முன் எடுத்தது. அதில் எல்லாக் கூழைக்கடாக்களும் கழுத்தைத் திருப்பிப் பாறைப் பக்கமே பார்க்கின்றன. ஆற்றுச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன், கமரா இல்லாமல். ஒரு பறவை சட்டென்று தலையைத் திருப்பினாலும் எழுந்து அந்தத் திசைக்கு ஓடுகிறேன். ஒரு தடவை நாய். இன்னொரு தடவை மிதந்து வந்த மரக்கட்டை. பல தடவைகள், வெறும் தண்ணீர்.