கேட்காமல் கத்திய அறிவித்தல்

உடுப்பிட்டிக் குணலட்சுமிக்குச் சத்தம் என்றாலே அரியண்டம். கோயில் ஒலிபெருக்கியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினார்கள் என்று திருவிழாக்காரரோடு சண்டைக்குப் போனவள். பாண் விற்கிற ஓட்டோ பாட்டோடு ஒழுங்கைக்குள் வந்தால், "உன்ரை பாணும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், போ!" என்று கலைத்துவிடுவாள். அவளோ அயல்வீட்டுப் படலையில் நின்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து "வாங்கோ" என்று கேட்ட பிறகுதான் காலை எடுத்து வைப்பாள்.

அப்படிப்பட்டவளின் குசினிக்குள் ஒரு இணையத்தளம் புகுந்து செய்த வேலையைச் சொன்னால் உங்களுக்கும் வயிறு பற்றி எரியும்.

கணவர் பஞ்சலிங்கத்துக்கு இதயத்தில் வருத்தம். அடுத்த கிழமை சத்திரசிகிச்சை. மனம் அதிரும்படி எதையும் சொல்லிவிடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ரொறன்ரோவில் அவருடைய தமையன் சோமசேகரம் கண்ணை மூடினார். தமையனின் மகன் கோபிசங்கர் அவளுக்கு மட்டும் போன் எடுத்துச் சொன்னான்.

"சித்தப்பாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ சித்தி. ஒப்பரேசன் முடியட்டும்."

"ஓம் தம்பி" என்றாள். சிரித்த முகத்தோடு கணவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிணற்றடியில் போய் அழுதாள்.

மறுநாள் அவன் மரண அறிவித்தல் தளமொன்றின் இணைப்பை அனுப்பி, பெயர்கள் எல்லாம் சரியோ என்று பார்க்கச் சொன்னான். பார்க்காமல் விடமுடியுமா? எங்கள் பக்கம் அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டோடு கதைபேச்சே இருக்காது. அவள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திறந்தாள். பஞ்சலிங்கத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். மகளோடு அவர் கதைப்பதற்காகப் போனின் சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தார்கள். வாசிக்கிற பக்கம் வாய் திறக்கும் என்று யார் கண்டது?

திறந்ததுதான் தாமதம், தவிலும் நாதஸ்வரமும் வெடித்தன. கூறைப்புடவை விளம்பரம்! செத்த மனிசனின் படத்துக்கு மேலே பெண்கள் பட்டு உடுத்துக் குலுங்கிக் குலுங்கி ஆடினார்கள். சீ! பிணத்தை வைத்துப் புடவை விற்கிற பிழைப்பும் ஒரு பிழைப்பா? "நாசமாய்ப் போவாங்கள்" என்று பல்லைக் கடித்தபடி நிறுத்துகிற பொத்தானைத் தேடினாள். தேங்காய்ப்பால் பட்ட விரல் வழுக்கியது. விளம்பரம் தானாக முடிந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கனத்த குரலில் ஒருவன் ஆரம்பித்தான்.

"உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும், கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட கந்தப்பு சோமசேகரம் அவர்கள்..."

போனை அரிசி வாளிக்குள் திணித்து மூடியைப் போட்டாள். வாளிக்குள் இருந்தும் அந்த அறுவான் வாசித்துக்கொண்டே இருந்தான். மூடியைத் திறந்து, எதையோ அமத்தி, ஒருவழியாக நிறுத்தித் திரும்பினால், கதவு திறந்திருந்தது. பஞ்சலிங்கம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணையே?"

அவள் ஓடிப்போய் அவரைத் தாங்கிக் கதிரையில் இருத்தினாள். நெஞ்சைத் தடவினாள். "நோகுதே? இஞ்சேருங்கோ, நோகுதே?"

"எனக்கு ஒண்டுமில்லை. திரும்பப் போடு."

"வேண்டாமப்பா. நான் வாசிச்சுச் சொல்லுறன்."

"அவங்கள் ஊருக்கெல்லாம் சொல்லுறாங்கள். நான் கேக்கக்கூடாதோ? போடு. என்ரை பேர் வருகுதோ எண்டு கேப்பம்."

அழுதுகொண்டே அமத்தினாள். அது முதலில் இருந்து தொடங்கியது. தவில் முழங்கியது, நாதஸ்வரம் ஊதியது, பட்டுடுத்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் ஆடி முடிக்கும்வரை பஞ்சலிங்கம் கண்ணை மூடி, அண்ணனுக்காகக் கையைக் கூப்பியபடி காத்துக்கொண்டிருந்தார்.