நூலக மாடிக்கு வந்த சீர்

அரியலூரில் இதுவரை மூன்று ஓவியக் கண்காட்சி வைத்திருக்கிறேன். பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாட்களில் வரைந்து, நானே ஆணியடித்து மாட்டிய படங்கள். ஒன்றுக்கும் நான் வெட்கப்பட்டதில்லை. கூட்டம் வரவில்லை என்றால் அது கூட்டத்தின் குறை என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

முதல் கண்காட்சி மியூசியத்தில். எங்கள் மண் ஒரு காலத்தில் கடலாகக் கிடந்ததாம். கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். வந்தவர்கள் எல்லாரும் என் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல் நத்தையைப் பார்த்தார்கள். வயதில் மூத்ததாயிற்றே என்று விட்டுக்கொடுத்தேன். இரண்டாவது, நூலகத்தின் மாடி ஹாலில். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் உள்ளூர்க் கவிஞர் ஒருவரின் கவிதையை ஒட்டினோம். கவிஞர்கள் வந்தார்கள், அவரவர் கவிதையைப் படித்தார்கள், அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. இரண்டுக்கும் வராத ஒரு ஆள்தான் உறுத்தினார். என் அண்ணன். திருமானூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர். நான் கும்பகோணத்துக்கு ஓவியம் படிக்கக் கிளம்பியபோது, "அதுக்கு நாலு சுவத்துக்கு வெள்ளையடிக்கக் கத்துக்கலாம்" என்றார். அதன்பிறகு நல்லது கெட்டது எல்லாம் பேசுவோம், படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அவர் ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. ஆனால் வாயைத் திறந்து கூப்பிட மாட்டேன்.

மூன்றாவது கண்காட்சியும் அதே நூலக மாடியில்தான். அதற்கு முன்னால் ஊரில் இருக்கும் அத்தைதான் என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"போஸ்டர் ஒட்டுனா எவடி வருவா? வெத்தல பாக்கு வச்சு அழைச்சியா?"

சரியென்று குங்குமமும் வெற்றிலையும் வைத்த தட்டோடு ஊருக்குப் போய்த் தெரு முழுக்க ஏறி இறங்கினேன். அண்ணன் வீட்டை மட்டும் தாண்டிப் போனேன். கூடப்பிறந்தவனுக்கு என்ன அழைப்பு என்று அத்தையிடம் சொன்னேன். உண்மையில் கோபம்தான். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவர் வாசலில் நான் எதற்குத் தட்டோடு நிற்க வேண்டும்?

கண்காட்சி அன்று காலை அத்தை தலைமையில் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாம்பாளம். தேங்காய், வாழைப்பழம், பூ, ஜாக்கெட் துணி. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

நூலகர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "டீச்சர், யாருக்கு வளைகாப்பு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

படிக்கட்டுக்குக் கீழே வந்ததும் வரிசை நின்றுவிட்டது.

"ஏறுங்க அத்த."

"பொறந்த வூட்டுச் சீரு முன்னால போவாம நாங்க எப்படி ஏறுறது? ஒங்கண்ணன் எங்க?"

"அது வரல. நீங்க வாங்க."

"மொறய மாத்த மாட்டோம்டி."

வெயில் ஏறியது. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிட்டார்கள். மூன்றாவது கண்காட்சி படிக்கட்டோடு முடிந்துவிடும்போல இருந்தது. வேறு வழியில்லாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எங்கண்ணே இருக்கே?"

"அரியலூர் பஸ் ஸ்டாண்டுல."

"அங்க என்ன பண்றே?"

"காலையிலேயே வந்துட்டேன். அழைக்காத எடத்துக்கு எப்படி வர்றது, அதான் நிக்கிறேன்."

அப்போதும் நான் விடவில்லை, அதட்டித்தான் சொன்னேன். "இப்ப அழைக்கிறேன். வாண்ணே."

சலவை வேட்டி சட்டையில், தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். தேங்காய் பழத்துக்கு நடுவே பெரிய பிரஷ் ஒன்று. சுவருக்கு வெள்ளையடிக்கிற பட்டை பிரஷ். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"பெரிய பெரிய படமா போடுறேன்னு சொன்னாங்க" என்றார் அண்ணன். முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. "இருக்கறதுலயே பெரிசா ஒண்ணு குடுன்னு கடையில கேட்டு வாங்கிட்டு வந்தேன். இது சரிதான?"

"சரிதாண்ணே" என்றேன்.

அவர் முன்னால் ஏறினார், வரிசை பின்னால் ஏறியது. ஹால் நிறைந்து, நூலகர் நிற்க இடமில்லாமல் வராந்தாவுக்குப் போனார். கரும்புக் கொல்லைப் படத்தின் முன்னால் அண்ணன் வெகுநேரம் நின்றார். "நம்ம மடை" என்று யாரிடமோ சொன்னார்.

இப்போது அடுத்த கண்காட்சிக்கு ஒரு சுவர் அகலத்துக்குப் படம் வரைகிறேன். அதில் வானம் முழுவதையும் அந்தப் பிரஷ்ஷால்தான் அடித்தேன்.